வா வா பெடலும் மூன்று ரூபாய் கண்டன்சரும்

"வா... வா..." என்று ஒரு பொருள் கூப்பிடுகிறது என்றால் அது ஏதாவது ஒரு தமிழ் ஊரில் பிறந்திருக்க வேண்டும். ஆனால் வா வா பெடல் பிறந்தது கலிஃபோர்னியாவில், 1966-ல். தையல் மிஷின் மிதி போல இருக்கும். கிடாருக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் நடுவில் காலடியில் கிடக்கும். குதிகால் பக்கம் அழுத்தினால் சத்தம் 'ஊ' என்று மூடிக்கொள்ளும். விரல் பக்கம் அழுத்தினால் 'ஆ' என்று திறந்துகொள்ளும். ஊவிலிருந்து ஆவுக்குப் போகும் வழியில் தானாகவே ஒரு 'வ' முளைக்கிறது. பத்தாம் வகுப்பு இலக்கணம் ஞாபகம் இருக்கிறவர்களுக்கு இது புதிதில்லை. பூ + அழகு = பூவழகு. உடம்படுமெய்! :-)

வேடிக்கையாகச் சொன்னாலும் இது உண்மைதான். ஆ சொல்ல வாயைத் திறக்க வேண்டும், ஊ சொல்ல உதட்டைக் குவிக்க வேண்டும் என்று தொல்காப்பியம் பிறப்பியலிலேயே சொல்லியாகிவிட்டது. தொண்டை கொடுக்கும் சத்தம் ஒன்றுதான். வாயின் வடிவம் மாறும்போது அந்தச் சத்தத்தில் எந்தப் பகுதி தூக்கலாகக் கேட்கிறது என்பது மாறுகிறது. வா வா பெடலும் கிடாரின் சத்தத்துக்கு அதையே செய்கிறது. ஒரு சிறு அலைவரிசைக் கூட்டத்தை மட்டும் தூக்கிப் பிடிக்கிறது. காலை அசைக்க அசைக்க அந்த மேடு சுமார் 450 ஹெர்ட்ஸிலிருந்து 2200 ஹெர்ட்ஸ் வரை நகர்கிறது.

இந்தப் பெடல் எப்படிப் பிறந்தது என்பது முக்கியம். வாக்ஸ் ஆம்ப்ளிஃபயர்களை அமெரிக்காவில் தயாரித்துக்கொண்டிருந்தது தாமஸ் ஆர்கன் நிறுவனம். அந்த ஆம்ப்ளிஃபயரில் நடு அலைவரிசைகளைத் தூக்கிக் கொடுக்க ஒரு ஸ்விட்ச் இருந்தது. அதன் விலை அதிகம். அதற்குப் பதிலாக மலிவான ஒரு வால்யூம் கண்ட்ரோலைப் போட்டு வேலையை முடிக்க முடியுமா என்று பார்த்தார் பிராட் பிளங்கெட் என்ற இளம் இன்ஜினியர். குமிழைத் திருப்பிக்கொண்டே வாசித்துப் பார்த்தபோது சத்தம் பேச ஆரம்பித்தது. ஆர்கனுக்கு வைத்திருந்த வால்யூம் மிதியின் கூட்டுக்குள் அந்த சர்க்யூட்டை அடக்கினார்கள். டிரம்பெட் வாயைக் கையால் மூடித் திறப்பது போல வாசிப்பதற்குப் பேர்போன கிளைட் மெக்காயின் பெயரைச் சூட்டி 1967-ல் கடைக்கு வந்தது. அடுத்த வருடமே ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் தன் 'எலக்ட்ரிக் லேடிலேண்ட்' இசைத்தட்டில் அதைப் பேச வைத்தார். 1971-ல் ஐசக் ஹேய்ஸின் 'ஷாஃப்ட்' பாட்டில் சார்லஸ் பிட்ஸ் அதைத் தாளக் கருவியாகவே ஆக்கிவிட்டார்.

ஆக, விலை உயர்ந்த பாகத்தை எடுத்துவிட்டு விலை குறைந்த பாகத்தைப் போடப் போய்க் கிடைத்த சத்தம் இது. இன்றைக்கு அதே சத்தத்தை 'மேம்படுத்த' விலை குறைந்த பாகத்தை எடுத்துவிட்டு விலை உயர்ந்த பாகத்தைப் போடச் சொல்கிறார்கள். என்ன கொடுமை இது!

சரி, விஷயத்துக்கு வரலாம். புதுச்சேரியில் பொறியியல் படிக்கிற, கிடார் வாசிக்கிற ஒரு பையன். பெயர் வேண்டாம், ஊரில் அப்படி நிறையப் பேர் இருக்கிறார்கள். ஆரோவில் பக்கம் தங்கியிருந்து ஊர் திரும்பிய ஒரு வெளிநாட்டுக்காரரிடம் பாதி விலைக்கு ஒரு க்ரை பேபி பெடல் வாங்கினான். ஜிசிபி-95 என்கிற, உலகத்தில் எல்லோரிடமும் இருக்கிற சாதாரண மாடல். ஜூன் 21 அன்று ஃபெத் தெ லா முசிக். பிரான்சில் 1982-ல் ஆரம்பித்த இசைத் திருநாள், பிரெஞ்சுக்காரர்கள் போன பிறகும் புதுச்சேரியில் நடக்கிறது. அன்றைக்கு நண்பர்களோடு இரண்டு பாட்டு வாசிக்க வேண்டும். மூன்று வாரம்தான் இருக்கிறது.

பெடலில் மூன்று குறை. விரல் பக்கம் முழுக்க அழுத்தினால் சத்தம் காதில் ஊசி குத்துகிறது. நடுவில் 'வா' என்று பேசாமல் வெறுமனே மந்தமாக ஏறி இறங்குகிறது. காலை அசைக்கும்போதெல்லாம் கரகர என்று ஒரு சத்தம்.

இணையத்தில் தேடினால் வைத்தியம் ரெடி. இத்தாலிய இண்டக்டர் போடு, பழைய காலத்து டிரான்சிஸ்டர் போடு, இறக்குமதிக் கண்டன்சர் போடு. தபால் செலவு, கஸ்டம்ஸ் எல்லாம் கூட்டினால் பெடல் வாங்கிய காசுக்கே வந்துவிடுகிறது. அது வீட்டில் கேட்க முடியாத காசு. அதைவிடப் பெரிய பயம் ஒன்று. சால்டர் வைக்கும்போது போர்டு கெட்டுப்போனால் இன்னொரு பெடல் கிடையாது. ஜூன் 21-ம் கிடையாது.

அதனால் அவன் முதலில் வாங்கியது பாகம் அல்ல, ஒரு நோட்டு. எந்தப் பாகம் என்ன வேலை செய்கிறது என்று எழுதிக்கொண்டான்.

பெடலைத் திறந்தால் உள்ளே பெரிதாக ஒன்றும் இல்லை. இரண்டு மூன்று டிரான்சிஸ்டர், ஒரு இண்டக்டர், கொஞ்சம் கண்டன்சர், கொஞ்சம் ரெசிஸ்டர், மிதியோடு பல்சக்கரத்தில் மாட்டிய ஒரு 100 கே வால்யூம் கண்ட்ரோல். 'ஊ', 'ஆ' எங்கே பிறக்கிறது என்றால் இண்டக்டரும் ஒரு கண்டன்சரும் சேரும் இடத்தில். இண்டக்டர் அரை ஹென்றி. கண்டன்சர் 0.01 மைக்ரோ ஃபேரட், அதாவது மேலே 103 என்று எழுதியிருக்கும். இரண்டையும் பெருக்கி, வர்க்கமூலம் எடுத்து, இரண்டு பையால் பெருக்கி, ஒன்றை அதால் வகுத்தால் சுமார் 2250 ஹெர்ட்ஸ். விரல் பக்கம் அழுத்தும்போது கேட்கிற 'ஆ' அதுதான். பிளஸ் டூ இயற்பியல்!

குதிகால் பக்கம் வரும்போது டிரான்சிஸ்டர்கள் சேர்ந்து ஒரு வித்தை செய்கின்றன. பெருக்கிய சத்தத்தில் ஒரு பங்கை அந்தக் கண்டன்சரின் மறுமுனைக்குத் திருப்பி அனுப்பி, அதை உள்ளதைவிடப் பல மடங்கு பெரிய கண்டன்சர் போல நடிக்க வைக்கின்றன. 25 மடங்கு நடித்தால் அலைவரிசை ஐந்தில் ஒன்றாகக் குறையும், அதாவது 450. அதுதான் 'ஊ'. எவ்வளவு திருப்பி அனுப்புவது என்பதைக் கால் முடிவு செய்கிறது.

இது புரிந்த பிறகு காசு செலவில்லாத வேலைகளை முதலில் செய்தான். வால்யூம் கண்ட்ரோலின் பல்சக்கரத்தைக் கழற்றி ஒன்றிரண்டு பல் தள்ளி மாட்டினால் கால் போகிற தூரம் அதேதான், ஆனால் மேடு நகர்கிற எல்லை கீழே இறங்கிவிடும். விரல் பக்கம் உச்சிக்குப் போகாது. காதில் குத்துவது பாதி குறைந்தது. செலவு பூஜ்யம்.

அடுத்தது கரகர. புதுச்சேரியில் கடற்காற்று படாத பொருள் இல்லை. கதவுக் கீல் துருப்பிடிக்கிற ஊரில் வால்யூம் கண்ட்ரோலின் கார்பன் தடம் மட்டும் எப்படித் தப்பிக்கும்? அவன் பழைய ரேடியோ ரிப்பேர் செய்கிற பெரியவர் ஒருவரிடம் எடுத்துக்கொண்டு போனான்.

"வால்யூம் கண்ட்ரோல் மாத்தணும் ஐயா, தேஞ்சிடுச்சு."

"தம்பி, தேஞ்சிடுச்சுன்னு யார் சொன்னது? மொதல்ல மீட்டர் வை. ரெண்டு முனைக்கும் நடுவுல டிசி வருதா பாரு."

அதில் விஷயம் இருக்கிறது. வால்யூம் கண்ட்ரோலுக்குச் சத்தம் மட்டும்தான் போக வேண்டும். பேட்டரியின் நேர்மின்சாரம் வராமல் தடுக்க முன்னால் ஒரு 0.22 மைக்ரோ ஃபேரட் கண்டன்சர் நிற்கிறது. அது கசிய ஆரம்பித்தால் நேர்மின்சாரம் உள்ளே வந்துவிடும். அப்போது எவ்வளவு புதிய கண்ட்ரோல் போட்டாலும் கரகரக்கும். மீட்டர் வைத்துப் பார்த்தார்கள், கசிவு இல்லை. அழுக்குதான். காண்டாக்ட் க்ளீனர் இரண்டு சொட்டு விட்டு, முழுக்க முன்னும் பின்னும் இருபது தடவை திருப்பினார். கரகர போய்விட்டது. வெளியூரிலிருந்து வரவழைக்க இருந்த கண்ட்ரோல் மிச்சம். அது உண்மையிலேயே தேய்ந்துபோனாலும் கடையில் கிடைக்கிற சாதாரண 100 கே லீனியர் ஒன்றைப் போட்டுவிட முடியாது. மிதி கொஞ்ச தூரமே திரும்பும், சத்தம் அதற்குள் சீராக ஏற வேண்டும். அதற்கென்றே தடத்தின் வளைவை வேறு மாதிரி அமைத்திருப்பார்கள்.

இனி மிச்சம் இருப்பது அந்த மந்தம். பேசாத 'வா'. இதற்குத்தான் பாகம் மாற்ற வேண்டும். சென்னைக்கு பஸ் ஏறினான். மவுண்ட் ரோடு பக்கத்து ரிச்சி தெரு. கம்ப்யூட்டர் கடைகளுக்கு நடுவில் இன்னும் டப்பா டப்பாவாக ரெசிஸ்டர் விற்கிற சின்னக் கடைகள் உண்டு.

"அண்ணா, 33 கே, 47 கே, 68 கே ரெசிஸ்டர் பத்துப் பத்து."

"எதுக்குத் தம்பி, டிவிக்கா?"

"கிடாருக்கு."

கடைக்காரர் ஒரு பார்வை பார்த்துவிட்டு எண்ணிக் கொடுத்தார்.

இண்டக்டருக்கு இணையாக ஒரு 33 கே ரெசிஸ்டர் இருக்கிறது. ஆரஞ்சு, ஆரஞ்சு, ஆரஞ்சு என்று மூன்று பட்டை, கண்டுபிடிப்பது சுலபம். மேடு எவ்வளவு கூராக இருக்க வேண்டும் என்பதை இதுதான் சொல்கிறது. இதைக் கூட்டினால் மேடு ஒல்லியாக, உயரமாக ஆகும். சத்தம் மனிதக் குரல் போலப் பேசும். 47 கே போட்டால் நன்றாகத் தெரியும், 68 கே போட்டால் இன்னும். 100 கே வரை போனால் விசில் போல ஆகிப் பாட்டைக் கெடுக்கும். இதே போல 1.5 கே ரெசிஸ்டர் ஒன்று. அதை 2.2 கே ஆக்கினால் நடு அலைவரிசை கொஞ்சம் சதை போடும். முதல் டிரான்சிஸ்டரின் எமிட்டரில் 390 ஓம். அதைக் குறைத்தால் சத்தமும் பேஸும் கூடும். ரொம்பக் குறைத்தால் களிமண்.

103 கண்டன்சரை மாற்றினால் எல்லை முழுவதுமே நகரும். 0.015 போட்டால் உச்சி சுமார் 1840 ஹெர்ட்ஸுக்கு இறங்கும். 0.022 போட்டால் சுமார் 1520. பேஸ் கிடார் வாசிக்கிறவர்கள் இன்னும் பெரிதாகப் போடுவார்கள். ஒரு எச்சரிக்கை. போர்டில் 103 இரண்டு இடத்தில் இருக்கும். ஒன்று கிடார் சத்தம் உள்ளே வருகிற வாசலில், இன்னொன்றுதான் மேட்டை நகர்த்துவது. படம் பார்க்காமல் கை வைக்கக் கூடாது.

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றிவிட்டால் எது சத்தத்தை மாற்றியது என்று கடவுளுக்குத்தான் தெரியும். அவன் ஒவ்வொன்றாகச் செய்தான். 33 கே-ஐ எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஐசி சாக்கெட்டிலிருந்து வெட்டிய இரண்டு துளைத் துண்டு ஒன்றை சால்டர் செய்தான். இனி ரெசிஸ்டரைச் சும்மா செருகலாம், பிடுங்கலாம். போர்டுக்குச் சூடு ஒரே ஒரு முறைதான். பழைய போர்டில் திரும்பத் திரும்பச் சூடு வைத்தால் செப்புத் தடம் உரிந்து வந்துவிடும். அப்புறம் அழுதாலும் ஒட்டாது. 103 இருந்த இடத்திலும் இப்படியே ஒரு துண்டு.

டிரான்சிஸ்டரையும் மாற்றிப் பார்க்க ஆசை. 60-களின் வாக்ஸ் பெடலில் இருந்தது பிசி 109. அது இப்போது பழம்பொருள் விலை. அதே குடும்பத்தில் பிளாஸ்டிக் உடுப்புப் போட்டது பிசி 549. ரிச்சி தெருவில் கைநிறையக் கிடைக்கும். சி என்று முடிகிற வகைக்கு கெயின் 420-லிருந்து 800 வரை. க்ரை பேபியில் இருக்கும் எம்.பி.எஸ்.ஏ 18-ம் அதிக கெயின் வகைதான். ஆனால் கால்கள் தலைகீழ். தட்டையான முகத்தைப் பார்த்தபடி பிடித்தால் பிசி 549-க்கு இடமிருந்து கலெக்டர், பேஸ், எமிட்டர். எம்.பி.எஸ்.ஏ 18-க்கு எமிட்டர், பேஸ், கலெக்டர். திருப்பி மாட்ட வேண்டும். மாட்டிப் பார்த்தான். வித்தியாசம்? இருக்கிறது என்று நினைத்தால் இருக்கிறது. இல்லை என்று நினைத்தால் இல்லை.

இங்கேதான் சண்டை வந்தது. டிரம்ஸ் வாசிக்கிற நண்பன் தெரிந்தவரிடமிருந்து ஒரு இறக்குமதிக் கண்டன்சர் வாங்கி வந்திருந்தான். மஞ்சள் நிறம், பெரிய பெயர், பெரிய விலை. அவன் கட்சி, "டேய், இதுதான்டா டோன்." இவன் கையில் ரிச்சி தெருவின் பச்சை நிற பாலியஸ்டர் கண்டன்சர், மூன்று ரூபாய். இரண்டிலும் எழுதியிருப்பது 0.01.

வாய்ச்சண்டை வேண்டாம் என்று முடிவானது. கல்லூரி லேபில் முதலில் இரண்டையும் மீட்டரில் அளந்தார்கள். இது முக்கியம். கண்டன்சர் மேல் ஜே என்று இருந்தால் எழுதிய மதிப்பிலிருந்து 5 சதவீதம் வரை விலகலாம், கே என்றால் 10, எம் என்றால் 20. பலர் "இந்தக் கம்பெனிக் கண்டன்சர் இனிமை" என்று சொல்வது கம்பெனியால் அல்ல, அந்த ஒன்று கொஞ்சம் பெரிய மதிப்பாக இருந்ததால் இருக்கலாம். பச்சை டப்பாவிலிருந்து பத்தை அளந்து, மஞ்சளுக்குச் சமமான ஒன்றைப் பொறுக்கினார்கள். பிறகு டிரம்ஸ் நண்பன் சுவரைப் பார்த்து உட்கார்ந்தான். மூன்றாமவன் ஒருவன் நாணயம் சுண்டி, தலை விழுந்தால் மஞ்சள், பூ விழுந்தால் பச்சை என்று செருகினான். இவன் ஒரே இசைத் துணுக்கை வாசித்தான். இருபது முறை.

டிரம்ஸ் நண்பன் பதினொன்று சரியாகச் சொன்னான். கண்ணை மூடிக்கொண்டு நாணயம் சுண்டியிருந்தாலும் பத்து சரியாக வந்திருக்கும்.

அடுத்து அதே விளையாட்டு, 33 கே-க்கும் 68 கே-க்கும். இந்த முறை அவன் திரும்பாமலேயே, நாலு நொடிக்குள், ஒவ்வொரு முறையும் சரியாகச் சொன்னான். இருபதுக்கு இருபது.

இந்த ஒரு மாலை நேரம் சொல்கிற விஷயம்தான் மொத்தமும். காதுக்குக் கேட்பது பாகத்தின் மதிப்பு. பெயரோ விலையோ அல்ல. எந்த வகைக் கண்டன்சரும் ஒன்றுதான் என்றும் சொல்ல முடியாது. சில மலிவு செராமிக் வில்லைகள் சூட்டுக்கும் வோல்டேஜுக்கும் ஏற்ப மதிப்பு மாறும், தட்டினால் சத்தமும் கொடுக்கும். புதுச்சேரி மே மாத வெயிலில் அதைப் போடுவது வம்பு. பாலியஸ்டரோ பாலிபுரோபிலினோ போட்டால் அந்தத் தொல்லை இல்லை. அதற்கு மேல் கொடுக்கிற ஒவ்வொரு ரூபாயும் கண்ணுக்குத்தான்.

அப்படியானால் இண்டக்டர்? அது கொஞ்சம் வேறு கதை. 0.01 கண்டன்சர்கள் இரண்டு கிட்டத்தட்ட ஒன்றாகவே நடந்துகொள்ளும். அரை ஹென்றி இண்டக்டர்கள் இரண்டு அப்படி இல்லை. உள்ளே இருக்கிற ஃபெரைட், சுற்றிய கம்பியின் ரெசிஸ்டன்ஸ், பலமான சத்தம் வரும்போது காந்தம் எவ்வளவு சீக்கிரம் நிரம்பிவழிகிறது, இவை எல்லாம் சுருளுக்குச் சுருள் மாறும். ஃபேசல், ஹேலோ என்ற பழைய பெயர்களுக்கு மவுசு இருப்பதில் அர்த்தம் இருக்கிறது. ஆனாலும் வாங்கத்தான் வேண்டும் என்பதில்லை. ஃபெரைட் பாட் கோர் கிடைத்தால் சுற்றலாம். ஒரு சுற்றின் வர்க்கத்துக்கு 2000 நானோ ஹென்றி என்று குறித்த கோர் என்றால் 500 சுற்று, சரியாக அரை ஹென்றி. பழைய டிரான்சிஸ்டர் ரேடியோவின் டிரைவர் டிரான்ஸ்ஃபார்மரை அளந்து பார்த்துப் பொருத்துகிறவர்களும் உண்டு. எதைப் போட்டாலும் அடாப்டரை அதன் பக்கத்தில் வைக்கக் கூடாது. அந்தச் சுருள் டிரான்ஸ்ஃபார்மரின் இரைச்சலை அப்படியே பிடித்துப் பெருக்கிக் கொடுக்கும். ஒன்பது வோல்ட் பேட்டரி போட்டால் நிம்மதி. வாசித்து முடித்ததும் கிடார் ஒயரைப் பெடலிலிருந்து பிடுங்க வேண்டும், இல்லையென்றால் பேட்டரி வீணாகத் தீர்ந்துகொண்டே இருக்கும்.

அவன் இண்டக்டரைத் தொடவில்லை. அதற்குப் பதில் இன்னொரு வேலை செய்தான். பழைய க்ரை பேபிகளில் பெடலை அணைத்த பிறகும் சர்க்யூட்டின் வாசல் கிடாரோடு ஒட்டிக்கொண்டே இருக்கும். கிடாரின் மெல்லிய மேல் ஸ்வரங்களை அது சத்தமில்லாமல் குடிக்கும். அந்த ஸ்விட்சை எடுத்துவிட்டு இரண்டு வரிசை ஸ்விட்ச் போட்டால் அணைத்தபோது சர்க்யூட் முழுக்க விலகி நிற்கும். பெடல் ஓடாத நேரத்தில்தான் பாட்டின் பெரும்பகுதி வாசிக்கப்படுகிறது. அதனால் இது எல்லாக் கண்டன்சரையும்விடப் பெரிய மாற்றம்.

ஜூன் 21-க்கு முந்தைய வாரம் பெடல் மூடப்பட்டது. உள்ளே மாறியிருந்தது இவ்வளவுதான்: 33 கே இருந்த இடத்தில் 47 கே (68 தனியாக வாசிக்கும்போது அழகு, ஆனால் டிரம்ஸோடு சேர்ந்தால் மெலிந்துபோகிறது), 1.5 கே இருந்த இடத்தில் 2.2 கே, ஒரு ஸ்விட்ச், இரண்டு சாக்கெட் துண்டு. 103 கண்டன்சர் பழையதே திரும்பப் போனது. பல்சக்கரம் தள்ளியதே போதுமாக இருந்தது. பஸ் டிக்கெட்டைவிடப் பாகங்களின் செலவு குறைவு. கழற்றிய பழைய பாகங்கள் எல்லாம் ஒரு தீப்பெட்டியில், எது எங்கே இருந்தது என்று சீட்டு எழுதி, பெடலின் பெட்டிக்குள்ளேயே இருக்கின்றன. நாளை வேறு ஆம்ப்ளிஃபயர் வாங்கினால் காது மாறும், அப்போது திரும்பிப் போக வழி வேண்டும்.

மஞ்சள் கண்டன்சர் என்ன ஆயிற்று? டிரம்ஸ் நண்பன் திருப்பி எடுத்துக்கொண்டு போய்விட்டான். பதினொன்று என்பது பத்தைவிட அதிகம்தானே என்று இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறான்.